பழத்தோல் கழிவுடன் நுண்பாசியைச் சேர்த்து எரிவாயு எடுப்பது: எந்த விகிதம், எந்தப் பக்குவம்?

கேள்வி (பழக்கூழ் ஆலையின் கழிவு மேலாண்மைப் பிரிவில் பணிபுரிபவர்)

அனைவருக்கும் வணக்கம். பழக்கூழும் நறுக்கிய காய்கறியும் தயாரிக்கும் ஆலையின் கழிவுப் பிரிவைக் கவனித்து வருகிறேன். தோல், சக்கை, பிழிந்த பின் மிஞ்சும் நார், தரம் பிரிக்கும்போது ஒதுக்கப்படும் காய்கள் என்று பருவக் காலத்தில் கழிவு மலைபோல் குவிகிறது. இவற்றைக் காற்றுப் புகாத கலனில் செரிக்க வைத்து எரிவாயு எடுக்கலாம் என்று மாட்டுச் சாணக் கரைசலை வித்தாக ஊற்றி ஒரு சோதனைக் கலனைத் தொடங்கினோம். தொடக்கத்தில் வாயு நன்றாக வந்தது, சுடரும் நீலமாக நின்று எரிந்தது. தீனியின் அளவைக் கூட்டியதும் நிலைமை மாறியது. வாயு வந்தாலும் பற்றவில்லை. கலனைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கிறது. கார அமில நிலை (pH) 6-க்கும் கீழே இறங்கிவிட்டது. சுண்ணாம்பு போட்டால் ஓரிரு நாள் தேறுகிறது, பிறகு பழையபடியே இறங்குகிறது.

இதனருகிலேயே எங்கள் கழிவுநீரின் கடைசிக் குளம் இருக்கிறது. அதில் நீர் எப்போதும் அடர்பச்சையாகப் பாசி படர்ந்து நிற்கிறது. இந்தப் பாசியைப் பழக்கழிவோடு சேர்த்துச் செரிக்க வைத்தால் கலன் நிலைபெறும் என்றும், மீத்தேன் இரண்டு மடங்காகும் என்றும் படித்தேன். இரண்டு மடங்கு என்பது எந்த அளவுக்கு உண்மை? எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்? பாசியை அப்படியே ஊற்றலாமா, அல்லது சூடாக்கியோ அரைத்தோ பக்குவப்படுத்த வேண்டுமா? இதற்கென்றே தனியாகப் பாசி வளர்ப்பது கட்டுப்படியாகுமா? இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (காற்றில்லாச் செரிமான ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

ஐயா, வணக்கம். உங்கள் கலன் ஏன் புளித்தது என்பதை முதலில் பார்த்துவிட்டால், பாசிக்கு அங்கே என்ன வேலை என்பது தானாகவே விளங்கிவிடும்.

கலனுக்குள் நடப்பது ஒரே வேலை அன்று. மாவுச்சத்து, நார், புரதம் ஆகியவற்றைச் சிறு கூறுகளாக உடைப்பது ஒரு நுண்ணுயிர்க் கூட்டம். அந்தக் கூறுகளைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுவது இன்னொன்று. அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் ஆக்குவது மூன்றாவது. இறுதியாக அவற்றிலிருந்து மீத்தேனை உண்டாக்குவது நான்காவது. முதலிரு கூட்டங்கள் சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகக் கூடியவை. மீத்தேன் கூட்டத்துக்கோ அதற்கு நாட்கணக்கில் ஆகும். அதோடு கார அமில நிலை 6.8 முதல் 7.4 வரை இருந்தால்தான் அது நிம்மதியாக வேலை செய்யும். பழக்கழிவில் இருக்கும் சர்க்கரை, உடைக்க வேண்டிய தேவையே இல்லாமல் நேராக அமிலமாகிவிடுகிறது. அமிலம் உண்டாகும் வேகத்துக்கு அதைத் தின்று தீர்க்கும் வேகம் ஈடுகொடுக்க முடியாதபோது கலன் புளிக்கிறது. அப்போது வருகின்ற வாயுவில் பெரும்பகுதி கரியமில வாயு என்பதால்தான் அது பற்றுவதில்லை.

சுண்ணாம்பு அந்த நேரத்துக்கு அமிலத்தை அடக்கும். ஆனால் அது கலனில் கரைந்திருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடுவதால் நிலையான தாங்குதிறனைத் தராது. தாங்குதிறன் உள்ளிருந்தே வர வேண்டுமானால் தீனியில் புரதம் இருக்க வேண்டும். புரதம் சிதையும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. அது கரியமில வாயுவோடு சேர்ந்து அம்மோனியம் பைகார்பனேட்டாகக் கரைசலில் தங்குகிறது. அமிலம் கூடும்போது எதிர்நின்று தாங்குவது இதுதான். பழத்தோலில் புரதம் மிகக் குறைவு. நுண்பாசியின் உலர்எடையில் பாதி வரைகூடப் புரதம் இருக்கிறது. ஆகவே உங்கள் கலனுக்குப் பாசி முதன்மையாக எரிபொருள் அன்று. நைட்ரஜனும் அதன்வழி வரும் காரத்தன்மையுமே அதன் பங்களிப்பு. பழக்கழிவில் பற்றாக்குறையாக உள்ள இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற நுண்ணூட்டங்களும் பாசியோடு வந்து சேரும். மீத்தேன் உண்டாக்கும் நொதிகளுக்கு இவை இன்றியமையாதவை.

விகிதத்துக்கு வருவோம். கலனுக்குள் போகும் கலவையில் கார்பன், நைட்ரஜன் விகிதம் 20 முதல் 30 வரை இருப்பது நல்லது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. இங்கே பலரும் இரண்டு பொருள்களின் விகிதங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகிறார்கள். அது தவறான விடையைத் தரும். எடுத்துக்காட்டாக, உங்கள் தோல் கழிவின் உலர்எடையில் கார்பன் 45 விழுக்காடு, நைட்ரஜன் 1 விழுக்காடு என்று கொள்வோம், விகிதம் 45. பாசியில் கார்பன் 48, நைட்ரஜன் 8 எனில் விகிதம் 6. சரிபாதியாகக் கலந்தால் சராசரி 25.5 வரும், நல்ல அளவுதானே என்று தோன்றும். உண்மையில் 50 கிலோ தோலும் 50 கிலோ பாசியும் சேர்ந்தால் கார்பன் 46.5 கிலோ, நைட்ரஜன் 4.5 கிலோ, விகிதம் 10-ஐ ஒட்டி நிற்கிறது. இது அம்மோனியா மிகுந்து கலன் திணறும் எல்லை. 85 கிலோ தோலுக்கு 15 கிலோ பாசி என்று எடுத்தால் கார்பன் 45.45 கிலோ, நைட்ரஜன் 2.05 கிலோ, விகிதம் 22. 90-க்கு 10 என்றால் ஏறத்தாழ 27. ஆகவே உலர்எடைக் கணக்கில் பத்திலிருந்து பதினைந்து பங்கு பாசியே போதும். உங்கள் கழிவையும் பாசியையும் ஆய்வகத்தில் கொடுத்துக் கார்பன், நைட்ரஜன் அளவுகளை ஒருமுறை எடுத்துவிட்டு, இதே கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு மடங்கு என்பதன் பின்னணியும் தெரிந்திருக்க வேண்டும். யென், புரூன் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாசிச் சேற்றோடு கழிவுத் தாளைப் பாதிக்குப் பாதி சேர்த்தபோது, ஒரு லிட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 573 மில்லிலிட்டராக இருந்த மீத்தேன் 1,170 மில்லிலிட்டராக உயர்ந்தது. அந்த 573 என்பது பாசியை மட்டும் செரித்தபோது கிடைத்த அளவு. நைட்ரஜன் மிகுந்த பாசிக்குக் கார்பன் மிகுந்த தாள் துணை செய்தது என்பதே அதன் பொருள். உங்கள் நிலை நேர் எதிரானது; உங்களிடம் கார்பன்தான் மிகுதி. எனவே பழக்கழிவோடு பாசியைச் சேர்த்தால் வாயு இரட்டிப்பாகும் என்று அந்த ஆய்வைக் காட்டிச் சொல்ல முடியாது. புளிப்பேறாமல் கூடுதல் தீனியைக் கலன் தாங்கும், அதனால் அதே கலனிலிருந்து நாளொன்றுக்குக் கிடைக்கும் மீத்தேன் கூடும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

மறுமொழி (நுண்பாசி உயிரியல் பயின்றவர்)

மேலே உள்ள விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். அதில் ஒரு நுணுக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். பாசியில் 8 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதாலேயே அத்தனையும் கலனுக்குக் கிடைத்துவிடாது. அது செல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. செல்சுவர் உடைந்தால்தான் வெளியே வரும். கழிவுநீர்க் குளங்களில் பெரும்பாலும் செழிப்பவை குளோரெல்லா, சினெடெஸ்மஸ் போன்ற பச்சைப் பாசிகள். இவற்றின் செல்சுவர், பாக்டீரியாக்கள் எளிதில் துளைக்க முடியாத அளவுக்கு உறுதியானது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கலும் அன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கோலூக், ஆஸ்வால்ட், கோட்டாஸ் ஆகியோர் 1957-இல் கழிவுநீர்க் குளத்துப் பாசியைச் செரிக்க வைத்து வெளியிட்ட முன்னோடி ஆய்விலேயே, செரிமானத்தைத் தாண்டியும் பாசிச் செல்கள் சிதையாமல் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். 2010-இல் முஸ்னுக் குழுவினர் ஆறு வகைப் பாசிகளை ஒரே முறையில் செரித்து ஒப்பிட்டபோது, கிளாமிடோமோனாஸ் ஒரு கிராம் கரிமத் திடப்பொருளுக்கு 587 மில்லிலிட்டர் வாயு தந்தது. சினெடெஸ்மஸ் தந்தது 287 மட்டுமே. வாயுவின் அளவைத் தீர்மானித்ததில் செல் எவ்வளவு எளிதில் சிதைகிறது என்பதே முதன்மையானது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். (கரிமத் திடப்பொருள் என்பது, உலர்ந்த பொருளை 550 டிகிரி செல்சியஸில் எரித்தால் சாம்பலாக நிற்காமல் எரிந்து போகும் பகுதி, வாயுக் கணக்குகள் எல்லாம் இதை வைத்தே போடப்படுகின்றன.)

உங்கள் குளத்தில் எந்தப் பாசி இருக்கிறது என்பதை ஒரு சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்த்துவிடலாம். நான்கு செல்கள் பக்கவாட்டில் ஒட்டி வரிசையாக நின்று, ஓரச் செல்களின் முனையில் முள் போன்ற நீட்சி இருந்தால் அது சினெடெஸ்மஸ் வகை. தனித்தனி உருண்டைகளாக மிகச் சிறிதாக இருந்தால் குளோரெல்லாவாக இருக்க வாய்ப்பு அதிகம். திருகுச் சுருளாகத் தெரிந்தால் ஸ்பைருலினா. அதற்குச் செல்லுலோஸ் சுவர் இல்லை என்பதால் பக்குவம் எதுவுமின்றியே நன்றாகச் செரிக்கும். கலன் சில வாரங்கள் ஓடிய பிறகு வெளியேறும் கரைசலில் ஒரு சொட்டை எடுத்து அதே நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். உருக்குலையாத பச்சைச் செல்கள் கூட்டமாகத் தெரிந்தால், பாசி உள்ளே போய் அப்படியே வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் காகிதத்தில் போட்ட 22 என்ற விகிதம் கலனுக்குள் 22 ஆக இராது. தோல் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. நாரை இறுக்கிப் பிடிக்கும், எளிதில் செரியாத லிக்னினில் உள்ள கார்பனை அளவீடு கணக்கில் சேர்க்கும், பாக்டீரியா சேர்க்காது.

பக்குவப்படுத்த வழிகள் பல இருந்தாலும் உங்கள் ஆலைக்கு ஏற்றது வெப்பம் ஒன்றுதான் என்பது என் கருத்து. கெட்டியாக்கிய பாசிக் கரைசலை 70 முதல் 90 டிகிரி வரை சில மணி நேரம் வைத்தாலே செல்சுவர் நெகிழ்ந்து, உள்ளிருக்கும் பொருள் கரையத் தொடங்கும். கூழைச் சூடாக்கும் பகுதியிலிருந்தோ, வாயு எஞ்சினின் குளிர்விப்பு நீரிலிருந்தோ வீணாகும் வெப்பம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதற்கென்று புதிதாக எரிபொருளைச் செலவிட்டால் கிடைக்கும் கூடுதல் வாயுவை அது விழுங்கிவிடும். மீயொலி, உயர் அழுத்தம் போன்றவை ஆய்வகத்தில் அழகாக வேலை செய்கின்றன, ஆனால் பெரிய அளவில் மின்சாரம் கட்டுப்படியாகாது. அமிலமோ காரமோ ஊற்றி உடைப்பதும் வேண்டாம். பின்னர் நடுநிலைப்படுத்தும்போது உப்பு சேர்ந்து கலனுக்கே இடையூறாகும். பாசியை வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. உலர்த்தினால் செரிமானம் பெரும்பாலும் குறைகிறது. ஈரமாகவே, அறுவடை செய்தவுடன் கொடுப்பது மேல்.

மறுமொழி (செரிப்புக்கலன்களை இயக்கி வருபவர்)

நான் கலன்களை இயக்குபவன் என்பதால் நீரைப் பற்றிப் பேசுகிறேன். பாசி வழி எரிவாயுத் திட்டங்கள் பெரும்பாலும் தோற்பது நீரில்தான். விகிதத்திலோ செல்சுவரிலோ அன்று.

குளத்து நீர் எவ்வளவு பச்சையாகத் தெரிந்தாலும் ஒரு லிட்டரில் உலர்எடையாக அரை கிராம் பாசி இருந்தாலே அது அடர்த்தியான குளம். மேலே நண்பர் சொன்ன 85-க்கு 15 கணக்கில், நாளொன்றுக்கு உலர்எடை 100 கிலோ தீனி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 15 கிலோ பாசிக்கு 30 கன மீட்டர் குளத்து நீர் வேண்டும். அந்த நீரை அப்படியே கலனில் விட்டு 10 டிகிரி சூடேற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ 350 கிலோவாட் மணி வெப்பம் செலவாகும். அந்த 15 கிலோவில் கரிமத் திடப்பொருள் 13 கிலோ இருந்து, கிலோவுக்கு கால் கன மீட்டர் மீத்தேன் வந்தாலும் மொத்தம் 3.2 கன மீட்டர். அதன் ஆற்றல் சுமார் 32 கிலோவாட் மணி. பத்து மடங்குக்கும் மேல் கொடுத்து ஒரு மடங்கு வாங்குகிறோம். அதோடு கலனில் உள்ள பாக்டீரியாவை அந்த நீரே வெளியே அடித்துச் சென்றுவிடும். அதே பாசியை 4 விழுக்காடு திடப்பொருள் கொண்ட கரைசலாகக் கெட்டியாக்கிவிட்டால் 375 லிட்டர்தான். சூடேற்ற நான்கைந்து கிலோவாட் மணி போதும். ஆகவே உங்கள் முதல் செலவு கலனுக்கு முன்னால் நிற்கும் படிவுத் தொட்டிக்கு ஆக வேண்டும். மையவிலக்கு எந்திரம் விரைவாகக் கெட்டியாக்கும், ஆனால் இவ்வளவு நீர்த்த கரைசலை நேரடியாக அதில் விட்டால் மின்சாரக் கணக்கு உதைக்கும். முதலில் திரட்டிப் படியவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். திரட்டுவதற்குப் படிகாரத்தை அளவின்றிப் போட வேண்டாம். அலுமினியமும் சல்பேட்டும் கலனுக்குள் போய்ச் சேரும். மாவுச்சத்திலிருந்து செய்த திரட்டிகள் அந்த வகையில் தொல்லை தராதவை.

தனியாகப் பாசி வளர்க்கலாமா என்ற கேள்விக்கு என் விடை: எரிவாயுவுக்காக மட்டும் வளர்க்காதீர்கள். திறந்த குளத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் அறுவடை என்பது நல்ல விளைச்சல். அந்தக் கணக்கில் 15 கிலோவுக்கு 1,000 சதுர மீட்டர் குளம் வேண்டும். அதிலிருந்து கிடைப்பது மேலே சொன்ன 3.2 கன மீட்டர் மீத்தேன். பழக்கழிவின் 85 கிலோவிலிருந்தோ 25 கன மீட்டருக்கும் மேல் வரும். ஆயிரம் சதுர மீட்டர் நிலத்தைத் தோண்டிக் கலக்கிப் பராமரித்து மொத்த வாயுவில் பத்தில் ஒரு பங்கைப் பெறுவது எரிபொருள் கணக்கில் நட்டம். ஆனால் உங்கள் குளம் ஏற்கெனவே இருக்கிறது, கழிவுநீரைத் தூய்மை செய்கிறது, அந்தப் பாசியை எடுக்காவிட்டால் வெளியேறும் நீரோடு போய் வேறோர் இடத்தில் அழுகும். எனவே அதை அறுவடை செய்து கலனில் சேர்ப்பது முற்றிலும் சரியான வேலை. குளம் தருகிற அளவு உங்கள் தோல் கழிவுக்குப் போதாவிட்டால், மிச்ச நைட்ரஜனுக்குக் கோழி எச்சம் போன்ற வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டுச் சாணம் பாக்டீரியாவையும் தாங்குதிறனையும் தரும். அதன் சொந்த விகிதமே 20-ஐ ஒட்டி இருப்பதால் நைட்ரஜன் பற்றாக்குறையைப் பெரிதாக ஈடுசெய்யாது.

இப்போது புளித்துக் கிடக்கும் கலனைப் பற்றி. தீனியை முழுவதுமாக நிறுத்துங்கள். உங்கள் கைக்கெட்டும் தொலைவில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கலன் இருந்தால் அதிலிருந்து கரைசல் கொண்டுவந்து கலனின் கணிசமான பகுதியை மாற்றுங்கள். சுண்ணாம்புக்குப் பதிலாகச் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கார அமில நிலை 7-க்கு வந்து, வாயு மீண்டும் தானாக நின்று எரிந்த பிறகு, ஒரு கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ கரிமத் திடப்பொருள் என்ற அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக 2, 2.5 என்று ஏற்றலாம். அந்த 100 கிலோ கணக்குக்கு 36 முதல் 40 கன மீட்டர் கலன் பொருந்தும். தீனி உள்ளே ஒரு மாதத்துக்கு மேல் தங்கும். வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி. ஏற்ற இறக்கம்தான் கூடாது.

கார அமில நிலை இறங்கிய பிறகு விழித்துக்கொள்வதில் பயனில்லை, அது கடைசியாக வரும் அறிகுறி. கொழுப்பு அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை எளிய அமிலத் தரம்பார்ப்பின் (அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளக்கும் முறை) மூலம் வாரம் இருமுறை அளந்து குறித்து வையுங்கள். அது 0.3-ஐ ஒட்டி இருந்தால் கவலை இல்லை, 0.4-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், கார அமில நிலை 7 என்று காட்டினாலும் தீனியைக் குறையுங்கள்.

இன்னொன்று: உங்கள் கழிவில் எலுமிச்சை, ஆரஞ்சு இனத் தோல்கள் இருந்தால் அவற்றைத் தனியே வையுங்கள். அந்தத் தோல் எண்ணெயில் பெரும்பகுதியாக இருக்கும் லிமோனீன், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு நஞ்சு. எண்ணெயை வடித்தோ நீராவியால் நீக்கியோ எடுத்த பிறகுதான் அந்தத் தோல் கலனுக்குப் போகலாம். இதைக் கவனிக்காமல் விகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் கலன் தேறாது.

கேள்வி எழுப்பியவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆரஞ்சுத் தோலும் அதே தொட்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. பிரித்து வைக்க ஏற்பாடு செய்துவிட்டேன். கழிவையும் பாசியையும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். கலனிலிருந்து வெளியேறும் கரைசலைத் திரும்பப் பாசிக் குளத்துக்கே விட்டால் அதில் உள்ள நைட்ரஜனைப் பாசி எடுத்துக்கொள்ளும் அல்லவா? அதேபோல் வாயுவைக் குளத்து நீரின் வழியே செலுத்தினால் கரியமில வாயுவைப் பாசி உறிஞ்சி, மீத்தேன் தூய்மையாகக் கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். இரண்டையும் செய்யலாமா?

மறுமொழி (நுண்பாசி உயிரியல் பயின்றவர்)

முதலாவது செய்யக்கூடியது, நிபந்தனைகளோடு. செரித்த கரைசல் கறுத்துக் கலங்கலாக இருப்பதால் ஒளி உள்ளே இறங்காது. முதலில் திடப்பகுதியைப் பிரித்து உரத்துக்கு அனுப்பிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் பல மடங்கு நீர்த்து விட வேண்டும். அம்மோனியா இன்னொரு கவலை. வெயிலில் பாசி கரியமில வாயுவை வேகமாக எடுப்பதால் பிற்பகலில் குளத்தின் கார அமில நிலை 9-ஐத் தாண்டுவது வழக்கம். 25 டிகிரியில் 9.25 என்ற நிலையில் கரைந்திருக்கும் அம்மோனியத்தில் சரிபாதி கட்டற்ற அம்மோனியாவாக மாறிவிடும். அது பாசிக்கே நஞ்சு, ஒரு பகுதி காற்றிலும் பறந்து வீணாகும். எனவே நாள் முழுவதற்கும் உரியதை ஒரே வேளையில் கொட்டாமல் காலை நேரத்தில் சிறுகச் சிறுக விடுங்கள். கலனுக்குள்ளும் இதே விதிதான் நடக்கிறது: 35 டிகிரியில் கார அமில நிலை 7 எனில் நூற்றில் ஒரு பங்குதான் கட்டற்ற அம்மோனியா, 8 ஆனால் பத்துப் பங்கு. நைட்ரஜன் சுற்றிச் சுற்றி உள்ளேயே வருவதால், சில மாதங்களில் அது கலனில் கூடுகிறதா என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். கூடினால் பாசியின் பங்கைக் குறையுங்கள்.

இரண்டாவதை நண்பர் சொன்ன வடிவில் செய்யவே வேண்டாம். பாசி ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிடுகிறது. வாயு அதே நீரின் வழியே குமிழியிட்டு மேலே சேரும்போது ஆக்சிஜனும் அதனோடு கலந்துவிடும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும் கலவை வெடிக்கக்கூடியது. சேமிப்புக் கலனிலோ குழாயிலோ எங்காவது அந்த எல்லைக்குள் கலவை போய்விட்டால் ஒரு சிறு பொறி போதும். திறந்த குளமாக இருந்தால் மீத்தேனில் ஒரு பகுதி காற்றிலும் கலந்து போகும். இதை முறையாகச் செய்பவர்கள் வாயுவைத் தனியான மூடிய தூணில் காரத்தன்மையுள்ள நீரால் கழுவி, கரியமில வாயு கரைந்த அந்த நீரை மட்டும் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அப்போதும் வெளிவரும் வாயுவில் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள்.

மறுமொழி (செரிப்புக்கலன்களை இயக்கி வருபவர்)

அத்துடன் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாசி சேர்ந்த பிறகு புரதத்தில் உள்ள கந்தகத்தால் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கூடும். கடற்பாசி வகையைச் சேர்த்தால் இன்னும் மிகுதி, ஏனெனில் அதன் செல்சுவரிலேயே சல்பேட் இருக்கிறது. எஞ்சினுக்குப் போகும் முன் இரும்பு ஆக்சைடு நிரப்பிய தூணின் வழியே வாயுவைச் செலுத்துங்கள், அல்லது தீனியோடு இரும்புக் குளோரைடைச் சேருங்கள். இரண்டாவது முறையில் கந்தகம் கலனுக்குள்ளேயே இரும்புச் சல்பைடாகப் படிந்துவிடும். அழுகிய முட்டை வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்துச் சோதிக்கும் பழக்கம் யாரிடமாவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டியதும் மூக்கு அந்த வாடையை உணர்வதையே நிறுத்திவிடுகிறது; உயிருக்கே உடனடி ஆபத்தான அளவும் அதுதான். கலனுக்குள்ளோ படிவுத் தொட்டிக்குள்ளோ இறங்க வேண்டிய வேலை எதுவாயினும் வாயு அளவியும் வெளியே காவலுக்கு ஓர் ஆளும் இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள்.

ஆய்வக முடிவுகள் வந்ததும் இங்கேயே பதியுங்கள். உங்கள் எண்களை வைத்து 90-க்கு 10, 85-க்கு 15 ஆகிய இரண்டு கலவைகளையும், பாசியே இல்லாத ஒன்றையும் மூன்று சிறு கலன்களில் ஒரே வித்துக் கரைசலோடு இணையாக ஓட்டிப் பாருங்கள். பாசி இல்லாத அந்தக் கலன் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் கிடைத்த பயன் பாசியால் வந்ததா, தீனியைக் குறைத்ததாலும் ஆரஞ்சுத் தோலைப் பிரித்ததாலும் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.